வார்டுக்குள் முந்திப் போனவருக்கு

ஐயா,

இன்று, நீங்கள் போதகராக இருந்த நம் சபை வாசலில் பந்தலைப் பிரித்தார்கள். மழையில் ஊறிய கேன்வாஸ் வாசனை. உங்களுக்கு அது ஆகாது. சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடும் அசனத்தன்றுகூடப் பந்தலுக்கு வெளியே நின்றுதான் சாப்பிடுவீர்கள். காரணம் எனக்கு வெகுகாலம் தெரியாது.

கார்கில் சண்டை நடந்த கோடையில் தெரிந்தது. என் வீட்டுக்காரர் எல்லையில் இருந்தார். கடிதம் நின்றுபோயிருந்தது. பூனாவில், போபோடியில் எங்கள் சந்துக்குள் எந்த வண்டி நுழைந்தாலும் வாசலுக்கு ஓடுவேன். ஒரு மத்தியானம் ராணுவ ஜீப்பே வந்து நின்றது. அவரைப் பூனா ராணுவ ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டார்களாம். உயிர் இருக்கிறது என்றார்கள். காயம் எவ்வளவு என்று கேட்டதற்கு, வண்டியில் ஏறச் சொன்னார்கள்.

நீங்களும் என்னோடு வந்தீர்கள். வார்டு வாசலில் இருந்த பெஞ்சில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"ஜெபம் பண்ணுங்கய்யா."

நீங்கள் ஜெபிக்கவில்லை. "எனக்கும் பயமா இருக்கும்மா," என்றீர்கள்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னீர்கள். குருப்பட்டம் வாங்குவதற்கு முன் நீங்கள் ஒரு போரில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர். பக்கத்தில் குண்டு விழவும், ஸ்ட்ரெச்சரைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கிறீர்கள். அதில் கிடந்தவன் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். திரும்பிப் போனபோது சத்தம் இல்லை. மழையில் நனைந்த ஸ்ட்ரெச்சர் கேன்வாஸும் அவன் உடலும்தான்.

எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. போதகரே இப்படி நடுங்கினால் நான் யாரைப் பிடித்துக்கொள்வது?

"நீ இரு. நான் முந்திப் போய்ப் பாத்துட்டு வாரேன்," என்று எழுந்தீர்கள். உள்ளங்கையை அங்கியில் துடைத்துக்கொண்டே போனீர்கள். திரும்பி வந்து எதையும் மறைக்கவில்லை.

"வலது கால் முழங்காலுக்குக் கீழ இல்லம்மா. முகமெல்லாம் கட்டு. ஆனா உன் பேரைச் சொன்னாரு. வா."

அதனால்தான் அவரைப் பார்த்ததும் நான் அலறவில்லை. ஸ்ட்ரெச்சர் கடந்து போகும்போதெல்லாம் நீங்கள் கட்டில் கம்பியை இறுகப் பிடித்து நின்றீர்கள். சாயங்காலம்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அவர் பிழைத்தார். செயற்கைக் காலோடு பூனாவிலேயே விஷ்ராந்த்வாடியில் டெலிபோன் பூத் வைத்தார். நீங்கள்தான் சில வருஷத்தில் நோயில் படுத்துவிட்டீர்கள். கடைசியாகப் பார்க்க வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"அந்த ஸ்ட்ரெச்சர்ல கிடந்தவன் பரலோகத்துல நிப்பான்ல? என்னைப் பாத்தா என்னம்மா சொல்லுவான்?"

கர்த்தர் மன்னித்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். உங்களிடம் பொய்யாக ஒரு தைரியத்தைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

"தெரியலய்யா," என்றேன்.

அப்போதுதான் அவன் பெயரைச் சொன்னீர்கள். அந்தப் பெயரை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. தினமும் ஜெபத்தில் உங்கள் பெயரையும் அவன் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன், ஐயா.