கிளி ஒப்பித்த வேண்டுதல்

மலைமேல் அணை கட்டும் இடத்தில் காய்ச்சலில் ஆட்கள் சாகிறார்கள், அந்த வேலைக்குப் போகவேண்டாம் என்று சண்டை போட்ட மதலேனாள், நான்கு நாளாகப் புருசன் இன்னாசியோடு பேசவில்லை. அவன் கிளம்பும் காலையிலும் மாதா கோயிலுக்குப் போய்விட்டாள். கூடலூர் வண்டி வாசலில் நின்றது. இன்னாசி அவசரமாகச் சீட்டு எழுதினான்:

"மதலேனாளுக்கு, பெட்டிச் சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது. கிளிக்குக் கடலை நனைத்து வைத்திருக்கிறேன். நான் போகிறேன்."

அப்போது கூண்டுக்குள்ளிருந்து கிளி, மதலேனாள் குரலிலேயே சொன்னது: "மாதாவே, அவுகளப் பத்திரமாக் கொண்டாந்து சேரு!"

எத்தனை தடவை சொல்லியிருந்தால் கிளிக்கு மனப்பாடமாகியிருக்கும்! 'போகிறேன்' என்பதை அடித்துவிட்டு, அடியில் நெருக்கி எழுதினான்:

"போயிட்டு வாறேன் புள்ள. நீ வேண்டுனதக் கிளி சொல்லிருச்சு, அதுக்காக அதத் திட்டாத. உடம்பு லேசாச் சுட்டாலும் இறங்கி வந்துருவேன். இது சத்தியம்.

கிளிக்கு என் பேரையும் சொல்லிக் குடு."

வண்டி கோயிலைத் தாண்டும்போது மதலேனாள் குறுக்கே வந்து நின்றாள்.

"கம்பளி எடுத்தீகளா?"

கம்பளி மூட்டைக்குள்தான் இருந்தது.

"எடுக்கலையே" என்று சொல்லி, இன்னாசி அவளோடு வீட்டுக்கு நடக்க வண்டியைவிட்டு இறங்கினான்.