புதுச்சத்திரத்தில் எடுக்கும் தாகம்

ஜூன் 19, 2024

ஜெகதீஸ்வரன் என் கட்டுரையை நான்காவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். என்னைப் போல வெளிநாட்டில் படித்து, அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் டாக்டர்களுக்குக் கட்டுரை திருத்துவது அவர் தொழில். ஏன் மருத்துவம் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். உண்மையைச் சொன்னால், அம்மாவின் பிடிவாதம். நீட்டில் இரண்டு தடவை கோட்டை விட்ட பிறகும் விடாமல் என்னை மருத்துவம் படிக்க ஜார்ஜியா நாட்டுக்கு அனுப்பினாள்.

"சப்புனு இருக்குங்க டாக்டர். ஊட்டுல யாராச்சும் செத்திருக்காங்களா?"

யாரும் இல்லை.

ஜூன் 21

ஒரு அக்காவை உண்டாக்கி, கொன்றும்விட்டேன்.

கமலவேணி, ஏழு வயது. காய்ச்சலோடு பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோகும்போது என்மேல் சாய்ந்தபடியே இறந்தாள். புதுச்சத்திரத்தில் தண்ணீர் கேட்டாள். எனக்கு அந்த நிறுத்தம் வந்தாலே தாகம் எடுக்கும், அதை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். உடுத்தியிருந்த பச்சைப் பாவாடையும் என்னுடையது. சின்ன வயதில் ஆடிக்கு ஆடி ஒன்று வரும், கற்பூர வாசனையோடு. எப்போதும் பெரிதாக இருக்கும். ஏழாவது வயதில்தான் பொருந்தியது. அப்புறம் வரவில்லை.

கமலவேணி — இந்தப் பெயர் எப்படித் தோன்றியது?

ஜூன் 22

"இப்பத்தானுங்க உசிரு வந்திருக்கு" என்கிறார் ஜெகதீஸ்வரன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. கன்னிக்குப் படையல். வருடாவருடம் அம்மா பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கி, உள்ளே இருக்கும் துணியை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பாள். குலத்தில் எப்போதோ சின்ன வயதில் இறந்து தெய்வமான ஏதோ ஒரு கன்னி என்று நினைத்திருந்தேன். இன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பச்சைப் பாவாடை.

அம்மா கற்பூரம் காட்டிக்கொண்டே, "கமலா, வந்து உடுத்திக்க சாமி" என்றாள்.

கட்டுரை இங்கிலீஷில், லேப்டாப்புக்குள் இருக்கிறது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

சாயங்காலம் கேட்டேன். எனக்கு முன்னால் பிறந்தவள். காய்ச்சல். ஏழு வயது. "சொன்னா நீ பயந்துக்குவீன்னு உட்டுட்டேன் கண்ணு."

"தண்ணி எங்கே கேட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா முகம் வெளிறிவிட்டது. "அவ தண்ணி கேட்டத உனக்கு யாரு சொன்னா?"

"நீ முதல்ல சொல்லும்மா" என்றேன்.

"புதுச்சத்திரத்துல. எறங்கி வாங்கறதுக்குள்ள பஸ்ஸ எடுத்துட்டான். என்ற வயித்து மேலதான் சாஞ்சிருந்தா. நீ அப்ப எட்டு மாசம் உள்ள இருந்தே. ஒதச்சுக்கிட்டே வந்தே. ராசிபுரம் பிரிவு தாண்டி அவ அசையல, நீயும் அசையல."

அப்படியானால் அந்தப் பாவாடைகள்? ஒரு வருடம் அவளுக்கு, மறு வருடம் எனக்கா? கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 4

"அன்னைக்கு பஸ்ஸுல ஒரு டாக்டர் இருந்திருந்தா..." என்று மட்டும் சொன்னாள் அம்மா. அவள் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. நான் பொய் என்று எழுதியதுதான் காரணம்.

செப்டம்பர் 10

நடந்ததை நடந்தபடி திருத்தி எழுதினேன். ஜெகதீஸ்வரனுக்குக் கோபம். "பழைய கதையே நல்லா இருந்துச்சுங்க. வயித்துக்குள்ள இருந்தேன்னா எவன் நம்புவான்? இருக்கற வாய்ப்பும் போயிரும்."

பயமாகத்தான் இருக்கிறது. இதைவிட்டால் எனக்கு வேறு வழியும் இல்லை. இருந்தும் அப்படியே அனுப்பினேன்.

நவம்பர் 14

நேர்காணல். அக்கா இறந்தபோது உங்களுக்கு என்ன வயது என்று திரையில் இருந்த அம்மையார் கேட்டார். இன்னும் பிறக்கவில்லை என்றேன்.

எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது, பஸ்ஸில் போகும்போது வறளுமே அதே மாதிரி.

மார்ச் 21, 2025

கிடைத்துவிட்டது. குழந்தைகள் மருத்துவம். சொன்னதும் அம்மா நிமிர்ந்து பரணைப் பார்த்தாள்.

ஜூன் 11

பெங்களூரு ஏர்போர்ட்டில் எழுதுகிறேன். விடியலிலேயே காரில் கிளம்பினோம். புதுச்சத்திரத்தில் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். "இத்தன வருசமா இங்க எறங்க மனசு வரல" என்றாள். மடியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, நிறுத்தத்து மண்ணில் மெதுவாக ஊற்றினாள். "குடி சாமி. தங்கச்சி போயிட்டு வாரேங்கறா."

இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை, அந்த இடத்தில் எனக்குத் தாகம் எடுக்கவில்லை.