சேற்றுச் செருப்பு

அக்டோபர் 12, இரவு

கண்டிக்கு நானும் கிளாராவும் ஒரே நாளில்தான் படிக்க வந்தோம். நான் சென்னை, அவள் ஜெர்மனி. தங்கியிருப்பதும் ஒரே வீட்டில்தான். நேற்று மழையில் அவள் சேற்றுச் செருப்போடு உள்ளே வந்துவிட்டாள். "ஏன்டி, இப்பதானே தொடச்சேன், கண்ணு தெரியலையா?" என்று வீட்டுக்கார அம்மா கத்தினார். அவள் சிரித்தபடி அவரைக் கட்டிக்கொண்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. என்னை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. அவளுக்கு வீட்டார் குடிக்கும் குவளையில் டீ. எனக்கு மட்டும் கண்ணாடி அலமாரியிலிருந்து பூப்போட்ட கோப்பை.

இன்று வேண்டுமென்றே சேற்றுச் செருப்போடு கூடம் முழுக்க நடந்தேன். அம்மா துணியெடுத்துத் துடைத்தார். "நனைஞ்சிட்டீங்களா? இருங்க, டீ கொண்டாறேன்" என்றார்.

அதே பூப்போட்ட கோப்பையில் கொண்டுவந்தார்.