மாடியில் இருக்கும் கோப்பு

மேலப்பாளையம் மைமூனுக்கு, சலாம். வாப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் சுகம்.

இந்த நாட்டில் சண்டை முடிந்து எட்டு மாதமாகிறது. படைக்காரர்கள் பிடித்துப்போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் இன்னும் நான் தேநீர் கொடுக்கும் அரசாங்க அலுவலகத்துக்கு வருகிறார்கள். "கோப்பே இல்லை" என்று அதிகாரிகள் அனுப்பிவிடுகிறார்கள். மாடிக்குத் தேநீர் கொண்டுபோகும்போது அந்தக் கோப்புகளைத் தினமும் பார்க்கிறேன்.

நேற்று ஒரு தாய், மகன் படத்தை என் கையில் திணித்துவிட்டாள். பின்னால் பெயரும் பிறந்த நாளும் எழுதியிருந்தது. கூட வேலை பார்க்கும் பேட்டை அகமது அண்ணாச்சி, "ஏலே, டீ குடுக்கதோட இருந்துக்க. வாயத் தொறந்தா நாளைக்கு உன்னயும் தேடணும்" என்றார். நேற்று நான் வாயைத் திறக்கவில்லை. அறையில் எனக்குத் துணை இப்போது அந்தப் படம்தான்.

தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள். அதனால் ஊருக்கு வரும் அண்ணாச்சியிடம் இதைக் கொடுக்கிறேன். அவர் திரும்பும்போது கருப்பட்டி கொடுத்துவிடு. அவர் போகும் வண்டி வந்துவிட்டது.

பாஸ்போர்ட்டுக்கு எடுத்த என் படம் ஒன்று பெட்டியில் மிச்சம் இருக்கும். பின்னால் பெயரும் பிறந்த நாளும் எழுதி வை.

உன்
செய்யது