உன் பெயருக்குக் கீழே நட்ட கல்

அன்பு மாப்பிள்ளை காதருக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் ஏற்ற இறக்கம் உண்டா என்று தெரியவில்லை. உண்டென்றால் இந்நேரம் அங்கே ஒரு சைக்கிளைத் தேடிப் பிடித்திருப்பாய்.

மலைச் சைக்கிள் பார்க்கைத் திறந்துவிட்டேன். பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, அடிவாரத்தில், என் காட்டு நிலத்தில்தான். வாசல் பலகையில் உன் பெயர். அந்தப் பெயருக்குக் கீழே நான் செய்து வைத்த காரியத்தை உன்னிடம் சொல்லியாக வேண்டும். நீ எதிரில் உட்கார்ந்திருந்தால் வாய் எழுந்திருக்காது. வெட்கமாக இருக்கிறது.

உக்கடத்தில் உன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மலை ஒண்ணுதான் மச்சான். ஆனா அவனவனுக்கு ஒரு வழி இருக்கோணும். பாறையில குதிக்கிறவனும் வரட்டும், நேத்துக் கத்துக்கிட்டவனும் வரட்டும்."

அப்படித்தான் பாதைகளை வெட்டினேன். என் மகன் ஒரு பொறியாளரைக் கூட்டி வந்தான். கம்ப்யூட்டர் படத்தைக் காட்டினார். மழை பெய்தால் தண்ணீர் எங்கே இறங்கும் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்று போனார். "உங்கப்பனுக்குத் தெரியாததையா இவரு சொல்லப்போறாரு?" என்று மகனையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். என்னை யார் தடுக்க முடியும்? நீ ஒருவன் முடியும். நீ இல்லை.

மழையில் குடையோடு சரிவில் நின்று, தண்ணீர் ஓடும் போக்கைப் பார்த்து, அதற்குக் குறுக்காகப் பாதை எடுத்தேன். மேலே பாறைத் தடம், துணிந்தவர்களுக்கு. நடுவில் ஒன்று, பழகியவர்களுக்கு. கீழே சோளக்காட்டை ஒட்டி அகலமான ஒரு சுற்றுப் பாதை. அது உன் மகள் பர்வீனுக்காக. விபத்தில் அவள் கால்கள் ஓய்ந்த பிறகு நீ செய்து கொடுத்தாயே, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி, அதன் அகலத்துக்கு மேலேயே தாராளமாக விட்டேன். எங்கும் பக்கவாட்டில் சாயாது. வளைவுகளில் நிதானமாகத் திரும்ப இடம் உண்டு. குறை சொல்ல முடியாத பாதை.

ஆனால் பாதை காய்வதற்குள் பயல்கள் மோட்டார் பைக்கை விட்டு உழுதுபோட்டார்கள். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். காங்கேயத்துக்காரனுக்கு வேலி என்றால் கை தானாகவே ஓடும். எங்கள் மேய்ச்சல் காட்டில் கிளுவை வேலிக்கு நடுவே இரண்டு கற்களை நெருக்கி நட்டு ஒரு சந்து விடுவோம். கடவு என்று பெயர். ஆள் ஒருக்களித்து நுழையலாம், மாடு நுழையாது. ஊரிலிருந்தே கல் கொண்டுவந்து வாசலில் ஒரு கடவு நட்டேன். சைக்கிளைத் தூக்கி நிமிர்த்தித் தள்ளினால் போகும். பைக் போகாது. சுற்றிச் சுற்றி வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு பெருமை.

திறப்பு நாளில் பர்வீன் வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. வண்டி கடவுக்கு முன்னால் வந்து நின்றது. முன் சக்கரம் நுழைந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் கல்லில் முட்டின.

அவள் சிரித்தாள். "ஏனுங்க மாமா, மாட்டுக்குப் போட்ட கல்லா இது? நானும் மாட்டுக் கணக்குல வந்துட்டனாட்டம் இருக்குதே?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதாவது தலை குனிந்திருக்கலாம். நான் யார்? "அதுக்கென்ன கண்ணு, நாலு பேரு புடிச்சா வண்டியோட உன்னத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சரலாம்" என்றேன். கல்லை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, மாப்பிள்ளை. அவளைத் தூக்கச் சொல்ல மட்டும் மனம் வந்தது.

அவள் சிரிப்பு நின்றது. "மூட்டை தூக்கறாப்புல என்னைத் தூக்க வேண்டாமுங்க மாமா. நீங்க போயிட்டு வாங்க" என்று வண்டியைப் பின்னால் எடுத்து, பலகைக்கு அடியில் நிறுத்திக்கொண்டாள்.

நான் முதல் சுற்றுப் போனேன். அவளுக்காகப் போட்ட பாதையில், அவள் இல்லாமல். திரும்பி வந்தபோது உன் பெயருக்குக் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களின் செல்போன், தண்ணீர் பாட்டில், ஒரு குழந்தையின் செருப்பு, எல்லாம் அவள் மடியில். ஓட்ட வந்தவளைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போயிருந்தோம். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எனக்கும் அந்த நிமிடம் வரை தெரியவில்லையே, அதை என்னவென்று சொல்வது?

பாதை முழுவதையும் அவளுக்காக அளந்தவன், வாசலை மட்டும் மாட்டுக்காக அளந்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேளுங்கள் என்றான் மகன். அந்த வார்த்தை என் வாயில் வராது, உனக்குத் தெரியும். கடப்பாரையை எடுத்தேன். மகனைத் தொடவிடவில்லை. நட்டவன்தானே பிடுங்க வேண்டும்? இரண்டு கற்களையும் மேலே பாறைத் தடத்துக்குக் கொண்டுபோய்ப் படியாகப் படுக்கவைத்தேன். இனி யாரையும் மறித்து நிற்க வேண்டாம், சக்கரங்களுக்கு அடியில் கிடக்கட்டும்.

பிறகு உன் கடைக்குப் போனேன். பர்வீன் வளைந்த ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கல்லப் புடுங்கிப்போட்டேன் கண்ணு."

"சரிங்க மாமா."

"எப்ப வர்றே?"

"வாரேனுங்க."

சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாரேன் என்றால் நாளைக்கும் ஆகலாம், ஒருநாளும் இல்லை என்றும் ஆகலாம். அவள் டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். உன் மகள் கோபத்திலும் உன்னைப் போலத்தான், டீ கொடுத்துவிட்டுத்தான் கோபிக்கிறாள். வருவாளா, காதர்?

இப்போது வாசல் திறந்து கிடக்கிறது. அப்படியானால் பைக் வருமே என்கிறார்கள். வரட்டும், பார்க்கிறேன். கடவு இருந்த இடத்தில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். பைக்கை மறிக்க ஒரு பிடிவாதக் கிழவன் போதும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பர்வீன் வரும் நாளில் அவளுடைய போனும் தண்ணீர் பாட்டிலும் என் மடியில் இருக்கும். அவள் எத்தனை சுற்றுப் போனாலும், போதும் என்று அவளாகத் திரும்பி வரும்வரை, நான் எழுந்திருக்க மாட்டேன்.

உன் பெயருக்குக் கீழே காவல் இருக்கும்
உன் மச்சான்,
சென்னியப்பன்