குருத்தில் போட்ட மணல்

துவைக்கப் போடும்போது புடவையை உதறினேன். மடியிலிருந்து மணல் கொட்டியது. உடனே உன் நினைப்பு. செத்து வருஷம் ஒன்றாகியும் என்னை நிம்மதியாகத் துணி துவைக்க விடுகிறாயா நீ?

நம் வீட்டுக்காரர்கள் அண்ணனும் தம்பியும் சுரங்கத்தில் பர்மனன்ட் வேலை. ஓரகத்திகளான நம் இருவர் கொல்லைக்கும் நடுவில் ஒரு வரப்புதான். மக்காச்சோளத்தில் முதன்முதலாகப் படைப்புழு விழுந்த வருஷம், என் வீட்டுக்காரர் காலை ஷிஃப்ட் முடிந்து வந்து சுடுவெயிலில் மருந்தடித்தார். இங்கே ஷிஃப்ட் விட்ட நேரம்தானே மருந்தடிக்கும் நேரம். புழுவோ பகலெல்லாம் குருத்துக்குள் பதுங்கிக் கிடந்து, பொழுது சாய்ந்ததும் மேய்ந்தது. என் கொல்லை சல்லடையாகிவிட்டது. நீ மடியில் மணலைக் கட்டிக்கொண்டு, செடி செடியாகக் குருத்தில் போட்டாய். உள்ளே பதுங்கிய புழு மணல் அறுத்துச் செத்தது. உன் பயிர் பச்சைப்பசேலென்று நின்றது. எனக்கு வயிறு எரிந்தது.

அதோடு விட்டாயா? கேட்காமலே வரப்பைத் தாண்டி என் செடிகளுக்கும் வந்துவிட்டாய். இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"புழு வரப்பு பாத்துகினா வருது அக்கா?" என்றாய்.

பாதிப் பயிர் பிழைத்தது. ஊரே உன்னை மெச்சியது. ஊர் போகட்டும், என் வீட்டுக்காரரே சோற்றில் கை வைத்துக்கொண்டு உன் சமர்த்தைப் பேசினார். கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இந்தப் பட்டத்தில் உன் கொல்லையிலும் புழு. உன் வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போகிறார், வருகிறார். குருத்தை விரித்துப் பார்க்கிற மனசு அவருக்கு இல்லை. அவர் ஷிஃப்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மடியில் மணலோடு நான் முதலில் உன் கொல்லையில்தான் இறங்கினேன். ஏன் என்று கேட்காதே. குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போனது.

நேற்று புதுக் குருத்து ஓட்டையில்லாமல் விரிந்திருந்தது. அவர் வரப்பில் நின்று பார்த்தார்.

"அவ கை பட்ட மண்ணாச்சே அண்ணி. புழு நிக்குமா?" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாடுபட்டவள் நான், பேர் உனக்கு. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றேன்.

வயிறு இன்றைக்கும் எரிகிறதடி. சாயங்காலம் மறுபடி மணல் அள்ள வேண்டும். உன் கிழக்கு வரிசை இன்னும் பாக்கி.