வாழை குடித்த கரண்ட்

நஸ்லியா,

கரண்ட் பில்லை ஏற்றுவது நீ சாரி தேய்க்கும் அயன்தான் என்று ஒரு மாதமாகக் கத்தினேன் அல்லவா? அதைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான், நீ படிப்பிக்கப் போனதும் ஃபிரிஜ் முதல் லைட் வரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அயனை மட்டும் போட்டுப் பார்க்கலாமென்று மீட்டருக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன். சும்மா இருந்த மீட்டர் திடீரென்று ஓடத் தொடங்கியது. குசினிக்குப் பின்னால் தண்ணீர் மோட்டர் உறுமுகிறது. வீட்டில் ஒரு பைப்பும் திறந்திருக்கவில்லை.

போய்ப் பார்த்தால், வெளியே தொழுகைக்கு முன் நான் கைகால் கழுவி வுழு செய்யும் பைப் மூடியும் மூடாமல் வாழைக்குப் பாய்கிறது. கூரைமேல் தண்ணீர்த் தாங்கி குறையக் குறைய மோட்டர் தானே ஓடி நிரப்பியிருக்கிறது. வாழை செழித்ததென்று பெருமையடித்தவனும் நான், அந்தப் பைப்பைப் பாதி விலைக்குப் பேரம் பேசி வாங்கியவனும் நான். கடைக்காரன் சிரித்த சிரிப்பு இப்போதுதான் விளங்குகிறது.

மோட்டரை நிறுத்தியிருக்கிறேன், போடாதே. வாளிகளில் தண்ணீர் இருக்கிறது. நல்ல பைப் வாங்கக் கண்டிக்குப் போகிறேன். சொன்ன விலைக்கே வாங்குவேன்.

ஹபீல்

அலுமாரிக்கு மேல் அயனை ஒளித்ததும் நான்தான். நீ கசங்கிய சாரியோடு போனது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நீ சொல்வதுபோல், இந்தக் கிழமை ஐந்து நாளுக்குமான சாரிகளையும் ஒரே சூட்டில் தேய்த்துவிட்டேன். நீலச் சாரியைப் பற்றி வந்து பேசுவோம்.